வராதவனால் வந்த பரணி

கலிங்கத்துப்பரணி என்றால் எல்லோரும் போர்க்களத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அலுக்காத இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. காஞ்சி மண்டபத்தில் சிற்றரசர்கள் திறை கட்டுகிற காட்சி அது.

பாலாற்றங்கரையில் வேட்டையாட வந்த முதலாம் குலோத்துங்கன் (1070–1120) மண்டபத்தில் வீற்றிருக்கிறான். திறையோடு வந்த மன்னர்கள் வாசலில் காத்து நிற்பதை ஓலைக்காரன் வந்து சொல்கிறான். உள்ளே விடச் சொன்னதும் பரணி பாடிய புலவர் செயங்கொண்டார் ஒரு பட்டியலை அவிழ்த்துவிடுகிறார். பாண்டியர், சேரர், சாவகத்தார், கன்னடர், கோசலர் என்று மூச்சு வாங்காமல் ஓடுகிறது அது. கொஞ்சம் நின்று பார்த்தால் சிரிப்பு வரும். தென்னவர் என்று ஒருமுறை வந்த பாண்டியர் கைதவர் என்று மறுபடியும் வந்து நிற்கிறார்கள். பல்லவரும் காடவரும் ஒரே கொடிவழிதான், ஆளுக்கொரு இடம் பிடித்துக்கொள்கிறார்கள். இது கணக்கப்பிள்ளையின் பேரேடு இல்லை, சந்தத்துக்கு எழுதிய ஏடு. வாசல் நிரம்பி வழிய வேண்டும், அவ்வளவுதான் புலவருக்கு வேண்டியது.

அடுத்து பொருள்கள். இங்கேதான் கை தேர்ந்த வேலை. புலவர் வருணிக்க வரவில்லை. கொண்டு வந்தவர்களையே பேச விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இவை ஆரம், இவை யானை, இவை ஒட்டகம், இவை முடிப் பெட்டகம் என்று அவர்கள் சுட்டிக்காட்டிக்கொண்டே போக, ‘இவை’ என்ற சொல் திரும்பத் திரும்ப விழுகிறது. ஒவ்வொரு ‘இவை’க்கும் நம் கண் ஒரு குவியலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. முத்துக்கு ஈரம் என்ற ஒரே அடைமொழி. கடலிலிருந்து எடுத்த நீரோட்டம் இன்னும் அதில் நிற்கிறது. சொல்பவர்களின் குரலில் ஒரு பதற்றமும் கேட்கும். எதுவும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று கடன்காரன் எண்ணி வைக்கிற பதற்றம்.

இத்தனைக்கும் பேரரசன் ஒரு பொருளைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. அஞ்சாதீர்கள் என்று அருளிவிட்டு, வராதவர் யாராவது உண்டா என்று மட்டும் கேட்கிறான். வடகலிங்கத்து அரசன் இரண்டு முறையாகத் திறை கொண்டு வரவில்லை என்கிறார்கள். என்ன ஆகுமோ என்று அவை நடுங்குகிறது. குலோத்துங்கன் முகத்திலோ கோபமே இல்லை, ஒரு முறுவல். அதற்கு என்ன பொருள் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. கண் சிவந்தது, மீசை துடித்தது என்று எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த முறுவலை எழுத செயங்கொண்டார்தான் வேண்டும்.

இவ்வளவையும் நமக்குச் சொல்வது யார்? ஒரு பேய், காளியிடம் சொல்கிறது. பசியில் வயிறு ஒட்டிப்போன கூட்டத்தைச் சேர்ந்தது. பொன்னும் மணியும் அதற்கு எதற்கு? எல்லாரும் ஒழுங்காகத் திறை கட்டியிருந்தால் போர் ஏது, பேய்க்குக் கூழ் ஏது? வராத ஒருவனால்தான் அதற்கு விருந்து, நமக்குப் பரணி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1077-ல் சோழநாட்டுத் தூதர் 72 பேர் சீனத்து சோங் அரசவைக்குப் போனார்கள். கொண்டு போனதைச் சீனர் திறை என்றே எழுதிக்கொண்டார்கள். பதிலுக்கு 81,800 சரம் செப்புக் காசு கொடுத்து அனுப்பினார்கள். காஞ்சியில் திறை வாங்கியவன் அங்கே திறை கட்டியவன்! நம் ஊரில் அவனுக்குச் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்று பெயர். சரக்குக்குச் சுங்கத்தை விட்டவன் மன்னர்களுக்குத் திறையை விடவில்லை.

நான் இருப்பது இரும்புலியூர். கலிங்கப் படையெடுப்புக்கு முன்வந்த கருணாகரத் தொண்டைமானை வண்டையர் கோன் என்று படிக்கும்போதெல்லாம், கூப்பிடு தூரத்து வண்டலூர்க்காரனாக அவனை ஆக்கிவிட நப்பாசை எழும். கல்வெட்டு விடாது, சோழநாட்டுத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரிக்காரன் என்று அடித்துச் சொல்லிவிடுகிறது. போகட்டும், குலோத்துங்கன் கல்வெட்டுக்கு நாங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. மின்சார ரயிலேறினால் திரிசூலம் கோயில்.

யானைகளைக் கொண்டு வாருங்கள், திறை கட்டாத அந்தக் கலிங்க அரசனையும் கொண்டு வாருங்கள் என்பது குலோத்துங்கன் ஆணை. பாலாறு தொடங்கிக் கோதாவரிக்கும் அப்பால் ஆறாறாகக் கடந்து போன படை யானை, குதிரை, செல்வம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தது. தப்பிய கலிங்க வீரர்கள் துறவி வேடமும் பாணர் வேடமும் போட்டதையெல்லாம் பேய் கைகொட்டிச் சொல்கிறது. கலிங்க அரசன் மட்டும் அகப்படவில்லை. ஆணையில் பாதி நிறைவேறாமல் போனதைச் சத்தம் போடாமல் தாண்டிவிடுகிறார் புலவர். அகப்படாத அந்த அரசன் அனந்தவர்மன் சோடகங்கன், சோழர் குலத்துப் பெண் ராஜசுந்தரி பெற்ற பிள்ளை. குலோத்துங்கனுக்குப் பிறகும் கால் நூற்றாண்டு ஆண்டான். புரி ஜகந்நாதர் கோயிலை எழுப்பத் தொடங்கியவனும் அவன்தான்.