அத்தரும் நம் வாலையும்

நம் வைத்தியர் சங்க மலருக்கு 'அத்தர்' பற்றி எழுதித் தரும்படி சங்கத்துப் பெரியவர்கள் பணித்தார்கள். அவர்கள் சொல்லை நான் என்றும் தட்டியதில்லை.

அரபு மொழியில் 'இத்ர்' என்றால் நறுமணம். அதை விற்பவர் 'அத்தார்'. நிஷாபூர்க் கவிஞர் பரீதுத்தீன் அத்தாருக்கு அந்தப் பெயர் மருந்தும் மணப்பொருளும் விற்ற தொழிலால் வந்தது. பாரசீகமும் உருதும் கடந்து நம் கடைத்தெருவுக்கு வந்த சொல் அத்தர் ஆயிற்று. எண்ணெய் என்ற பெயரில் எள் இருக்கிறது. தைலத்தில் திலம், அதே எள், இருக்கிறது. அத்தரின் பெயரிலோ மணம் மட்டுமே உண்டு. எந்த நெய்யில் மணத்தை இறக்கினோம் என்பதைச் செய்பவரின் மனச்சாட்சிதான் காக்க வேண்டும்.

எள்ளோடு பூவை அடுக்கி, மணமேறியபின் ஆட்டுகிற முறையை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வடநாட்டுக் கன்னோசி ஊர்க்காரர்கள் செப்பு அண்டாவில் பூவும் நீரும் இட்டு, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். ரோஜா அத்தரைக் கண்டவர் நூர்ஜஹானின் தாயார் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கொல்லிமலையில் எங்கள் ஆசான் வந்த வழி, மருந்தை ஆவியாக்கி வடிக்கும் தீநீர் வழி. ஓமத்துக்கு வைத்த அதே வாலையில், அதாவது வடிகலத்தில், செண்பகத்தையும் இறக்குவார். விடியுமுன் பறித்த பூ வெயில் ஏறுமுன் பானைக்குள் போய்விட வேண்டும். வாலையின் மூட்டை அடைத்த சீலைமண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டாலும் அடுப்பை அணைக்கச் சொல்வார். மெல்லிய தீயான தீபாக்கினி அதனினும் மிஞ்சிய கமலாக்கினியாக ஏறினால் மணத்தோடு கருகல் வாடையும் இறங்கும். அப்படி இறங்கியதை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிடுவார். பூக்காரருக்குக் கொடுத்த பணம் போயிற்றே என்று நாங்கள் தயங்கினால், "மூக்குக்குப் பொய் சொல்லாதே" என்பார்.

இன்று சிலர் (யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை, அவர்களிலும் கைத்திறன் உள்ளவர்கள் உண்டு) திரவ பாரஃபினில் செயற்கை வாசனையைக் கலந்து அத்தர் என்று விற்கிறார்கள். சந்தன எண்ணெயின் விலை எனக்கும் தெரியும். விலை கட்டாவிட்டால் அளவைக் குறைக்கலாம், பெயரைத் திருடலாமா? மணமேடைக்கும் தர்காவுக்கும் சுவாமி அபிஷேகத்துக்கும் இதுவே போகிறது. இதை முகர்ந்தே வளரும் பிள்ளைகள் மெய்யான செண்பகத்தை முகர்ந்தால் 'மணம் குறைவு' என்பார்கள். அந்த நாளில் வாலையும் போகும், வைத்தியமும் போகும், ஆசான் பெயர் சொல்ல ஆளும் இருக்காது.

அடுத்த பொதுக்குழுவில் பெரியவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறேன்: நம் உறுப்பினர் விற்கும் ஒவ்வொரு குப்பியிலும் அடிநெய் எது என்று தமிழில் அச்சிட வேண்டும்.