வேற்றுமை உருபும் வருகைக் கோட்பாடும்: தமிழ் விவிலியத் திருப்புதல் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

மும்பையின் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் தமிழ்க் கிறித்தவர்களுள் பலர் திருநெல்வேலி முதலிய தென் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தோரின் வழியினர். பழைய மிஷன் சபைகளின் மரபினரும் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபையினரும் அருகருகே வாழும் இச்சூழலில் ஓயாத விவாதம் ஒன்று உண்டு. கிறிஸ்துவின் வருகையில் சபை வானில் எடுத்துக்கொள்ளப்படுவது மகா உபத்திரவகாலத்திற்கு முன்னரா, அதன் இடையிலா, பின்னரா என்பதே அது.

இதற்கு இறையியல் தீர்ப்பு வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு தரப்பாரும் சான்றாகக் காட்டும் தமிழ்த் தொடர்கள் கிரேக்க மூலத்தின் பொருளை எவ்வளவு தாங்குகின்றன, மொழிபெயர்ப்பு எவ்விடத்தில் விவாதத்தைத் தானே முடித்துவைக்கிறது என்பவற்றை ஆராய்வதே நோக்கம். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்ததும், சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காக இருப்பதுமான திருப்புதலே ஆய்வுப் பனுவல்.

2. கலைச்சொல்லாக்கம்

உபத்திரவத்திற்கு முன்னரே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்னும் கோட்பாடு 1830களில் ஜான் நெல்சன் டார்பியால் முறைப்படுத்தப்பட்டது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை விவிலியத்தால் உலகெங்கும் பரவியது. பிரதரன் இயக்கத்தின் முன்னோடியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவருடைய தொடர்பு பெற்ற ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) வழியாக அவ்வியக்கத்தின் செல்வாக்கு தென் தமிழகத்தை எட்டியது.

இக்கோட்பாட்டிற்குரிய தமிழ்க் கலைச்சொற்களான ‘இரகசிய வருகை’, ‘மகா உபத்திரவகாலம்’ ஆகிய இரண்டும் அவ்வடிவில் பவர் திருப்புதலில் இல்லை. மத்தேயு 24:21, வெளிப்படுத்தல் 7:14 ஆகிய இடங்களில் காணப்படுவது ‘மிகுந்த உபத்திரவம்’ என்பதே. ‘மிகுந்த’ என்பது அளவைக் குறிக்கும் அடை. ‘மகா’ என்பதோ பெயரின் பகுதியாகிவிடுகிறது. ‘காலம்’ என்னும் சொல்லும் சேர்ந்ததும், துன்பத்தின் கடுமையைக் கூறிய தொடர் எல்லை வகுக்கப்பட்ட ஒரு காலப்பகுதியின் பெயராக மாறுகிறது.

இம்மாற்றத்திற்கு இலக்கண அடிப்படையும் உண்டு. கிரேக்க மூலத்தில் மத்தேயு 24:21இல் சுட்டிடைச்சொல் இல்லை. வெளிப்படுத்தல் 7:14இல் பெயருக்கும் அடைக்கும் தனித்தனியே உண்டு. தமிழில் அத்தகைய இடைச்சொல் இன்மையால் திருப்புதல் இவ்விரண்டையும் வேறுபடுத்தவில்லை. விடுபட்ட அக்குறிப்பைப் பிற்காலத்தார் தொகைச்சொல்லால் ஈடுசெய்தனர். ஆயின் அது மூலத்தில் இல்லாத இடத்திற்கும் அதனை விரித்தனர்.

3. உருபு செய்யும் முடிவு

விவாதத்தின் மையம் வெளிப்படுத்தல் 3:10. ‘தேரெயோ’ (கா) என்னும் வினையும் ‘எக்’ என்னும் முன்னிடைச்சொல்லும் புதிய ஏற்பாட்டில் இணைந்து வருவது இங்கும் யோவான் 17:15இலும் மட்டுமே. ‘எக்’ நீங்கற்பொருள் தருவது. முன்னரே விலக்கிக் காத்தலா, உள்ளிருந்து மீட்டுக் காத்தலா என்பதை அது தன்னளவில் தெளிவாக்குவதில்லை. விவாதம் பிறப்பது இந்த இருபொருண்மையிலிருந்தே.

யோவான் 17:15இல் பவர் திருப்புதல் ‘இனின்று’ என்னும் உருபுடன் ‘கா’ என்னும் வினையைப் பயன்படுத்துகிறது. வெளிப்படுத்தல் 3:10இலோ, நான்காம் வேற்றுமையுடன் ‘தப்பும்படி’ என்னும் எச்சத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பின்னரே ‘காப்பேன்’ என முடிக்கிறது. தமிழ் வழக்கில் இவ்வேறுபாடு சிறிதன்று:

அ) அவன் சிறைக்குத் தப்பினான்.
ஆ) அவன் சிறையிலிருந்து தப்பினான்.

முதல் தொடரில் அவன் சிறைக்குள் சென்றதேயில்லை. இரண்டாவதில் உள்ளிருந்து வெளியேறினான். ஆகவே நான்காம் வேற்றுமை வந்தவுடன் தமிழ் வாசகருக்கு இருபொருண்மை மறைந்து, உபத்திரவத்திற்கு முன் என்னும் தரப்பிற்குச் சார்பான பொருளே எஞ்சுகிறது. இதனை மொழிபெயர்ப்பாளரின் கோட்பாட்டுச் சார்புக்குச் சான்றாகக் கொள்ள இடமில்லை. தமிழ்த் தொடரின் இயல்பான ஓட்டத்தை நாடியதன் விளைவாகவும் இருக்கலாம். எனினும் விளைவு ஒன்றே.

காலத்தினின்று காத்தல் என்றாலே அக்காலத்திற்குப் புறத்தே வைத்தல்தான் என முதல் தரப்பார் வாதிடுவர். வலுவான வாதமே. ஆனால் அது வாசகரால் ஆராய்ந்து ஏற்கவோ மறுக்கவோபட வேண்டியது. உருபினால் முன்கூட்டியே தீர்க்கப்பட வேண்டியதன்று.

4. எதிர்கொள்ளுதல்

மற்றொரு சொல் எதிர்த்தரப்பிற்குத் துணைசெய்கிறது. 1 தெசலோனிக்கேயர் 4:17இல் வரும் ‘அபான்டேசிஸ்’ என்பதை இத்திருப்புதல் ‘எதிர்கொண்டுபோக’ என்கிறது. மணவாளனைச் சந்திக்கப் புறப்படும் கன்னியர் (மத்தேயு 25:6), பவுலைச் சந்திக்க ரோமாபுரியிலிருந்து வந்தோர் (அப்போஸ்தலர் 28:15) ஆகிய இடங்களிலும் மூலச்சொல் அதுவே. திருப்புதலும் எதிர்கொள்ளல் என்பதையே ஆள்கிறது. வருபவரை ஊர்ப்புறத்தில் சந்தித்து ஊருக்குள் அழைத்துவருதல் தமிழரின் மண வழக்கிலும் விருந்து வழக்கிலும் பழகிய செயல். எனவே எடுத்துக்கொள்ளப்படுவோர் வருபவரோடு பூமிக்குத் திரும்புவர் என்னும் பொருள் தமிழில் எளிதாகத் தோன்றுகிறது. ஆயினும் அழைத்துவருதல் ‘எதிர்கொள்’ என்பதன் அகராதிப் பொருளன்று. வழக்கம் சேர்க்கும் பொருள். அதனை முடிந்த சான்றாகக் கொள்வதும் மிகையே.

5. பன்மொழிச் சூழல்

மும்பைத் தமிழ் இல்லங்களில் பெற்றோர் தமிழ் விவிலியத்தையும் பிள்ளைகள் இந்தி அல்லது ஆங்கில விவிலியத்தையும் வாசிப்பது இயல்பு. வழக்கிலுள்ள பழைய இந்தித் திருப்புதல் வெளிப்படுத்தல் 3:10இல் நீங்கற்பொருள் உருபான ‘ஸே’ என்பதைத் தவிர்த்து, சோதனையின் அந்த வேளையில் காத்துவைப்பேன் என்னும் பொருள்பட அமைகிறது. தமிழில் காலத்திற்குத் தப்புதல். இந்தியில் காலத்தினுள் காக்கப்படுதல். ஒரே வீட்டில் எழும் கருத்து வேறுபாட்டில் ஒரு பகுதி கொள்கையினுடையதன்று, உருபினுடையது.

‘உபத்திரவம்’ என்னும் சொல்லும் மொழிக்கு மொழி மாறுகிறது. தமிழ்ப் பேச்சில் அது தொல்லை. இந்தியில் ‘உபத்ரவ்’ என்பது கலகம், கலவரம். 1992–93 கலவரங்களைத் தாராவியில் கண்ட தலைமுறைக்கு அது ஏட்டுச்சொல் அன்று. இத்தகைய வாசகரிடம், துன்பம் உங்களைத் தீண்டாது என்பதும் துன்பத்தினூடே காக்கப்படுவீர்கள் என்பதும் ஒன்றாகா. இவ்விரண்டுள் எதனை மூலம் கூறுகிறது என்பதைத் தாமே எண்ணிப்பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

6. முடிவுரை

மூலத்தின் இருபொருண்மையைக் காப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கடமையே. தமிழில் அதற்கு வழியில்லை எனல் பொருந்தாது. ‘நோயினின்று காத்தான்’ என்னும் தொடர் நோய் வராமல் காத்ததையும் வந்த நோயைத் தீர்த்ததையும் ஒருங்கே குறிக்கும். நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்குக் கூறும் நீங்கற்பொருள் ‘எக்’ என்பதற்கு மிக நெருங்கியது. யோவான் 17:15இல் பவர் திருப்புதல் கையாண்ட அமைப்பையே வெளிப்படுத்தல் 3:10க்கும் கொண்டு, ‘தப்பும்படி’ என்பதை நீக்கினால் போதும். கோட்பாட்டு விவாதம் அதனால் முடிவுறாது. ஆனால் அது நடைபெற வேண்டிய இடத்தில், சமமான தளத்தில் நடைபெறும்.