பங்காளி என்றால் பங்கு கேட்பான்

நோயாளியைப் 'பங்காளி' ஆக்கவேண்டும் என்கிறது இன்றைய மருத்துவச் சொல்லாடல். நல்லது. ஆனால் நம் ஊர்களில் இந்தச் சொல்லுக்கு வேறு சரித்திரம் உண்டு. பங்காளி கூடமாட ஒத்தாசை செய்கிறவன் மட்டுமல்ல, பாத்தியதை உள்ளவன். 'என் பங்கைப் பிரிச்சு வை' என்று முற்றத்தில் நின்று சத்தம் போடுகிறவன். மருத்துவம் அழைப்பது இவனைத்தானா?

காசநோயை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் கிடப்பவர்கள் அளவுக்குக் குணமாகிறார்கள் என்பதைச் சென்னையில் 1956ல் தொடங்கிய ஆய்வு 1959ல் நிறுவியது. சுவர் போயிற்று. பிறகு கண் வந்தது. 1997ல் இந்தியா ஏற்ற 'டாட்ஸ்' முறையின் அச்சாணியே, இன்னொருவர் பார்க்க மாத்திரையை விழுங்குவதுதான். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு மசியாது என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் பேசிய பாஷையைக் கவனிக்கவேண்டும். சளி பரிசோதனைக்கு வந்தவர் 'சஸ்பெக்ட்'. மருந்தை விட்டவர் 'டிஃபால்டர்'. ஒன்று போலீஸ் ஸ்டேஷன் சொல், மற்றது பேங்க் சொல். 'ஏன் விட்டே?' என்பது அங்கே கேள்வியல்ல, குற்றச்சாட்டு. ஒருநாள் கூலியா மாத்திரையா என்று தவித்தவரின் பதில் ரெஜிஸ்டரில் ஏறுவதில்லை. 2013ல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தச் சொற்களை மாற்றியது.

இப்போது குணமானவர்களைச் 'சாம்பியன்' என்று அழைத்துப் பயிற்சி தருகிறார்கள். 'நானும் இதைத் தின்னவன்தான், சரியாயிடும்' என்று அனுபவித்தவர் சொல்வதன் பலம் எந்த டாக்டர் வாய்க்கும் வராது. மறுக்கவில்லை. ஆனால் எந்த மருந்தை வாங்குவது, என்ன விலைக்கு என்று தீர்மானிக்கிற இடத்தில் அவருக்கு நாற்காலி உண்டா? இல்லையென்றால் அவர் பங்காளி அல்ல, சம்பளமில்லாத கண்காணி.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. காசநோய்க்குப் போட்ட ஊசி இருவரின் செவியையும் பறித்தது. ஊசிக்கு மாற்றாகப் பெடாகுவிலின் மாத்திரை வந்திருந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் அதன்மீதான ஏகபோகத்தை 2023க்குப் பிறகும் 2027 வரை நீட்டிக்க இந்தியாவில் காப்புரிமை கேட்டிருந்தது. 2019ல் இருவரும் ஆட்சேபணை மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மற்ற கம்பெனிகள் மலிவாகத் தயாரிக்க வழி திறந்தது.

இதைச் சாத்தியமாக்கியது யாருடைய கருணையுமல்ல. காப்புரிமை வழங்குமுன் எவரும் ஆட்சேபிக்கலாம் என்கிற சட்டப்பிரிவு. அந்தக் கதவும் இப்போது ஒருக்களித்துக் கிடக்கிறது. 2024 மார்ச்சில் திருத்திய விதிகளின்படி ஆட்சேபிக்கக் கட்டணம் கட்டவேண்டும். மனு ஏற்கத்தக்கதுதானா என்று அதிகாரி முதலில் முடிவு செய்வார்.

ஒரு பக்கம் நோயாளியைப் பங்காளி என்று மேடையேற்றுகிறார்கள். மறுபக்கம் அவர் பங்கு கேட்கப் போகிற வழியில் சுங்கச்சாவடி போடுகிறார்கள். நாம் எந்தப் பக்கம் நின்று கத்தப்போகிறோம் என்பதுதான் கேள்வி.