வாளும் மண்வெட்டியும்

போர்வீரத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் வாளைக் கீழே வைக்க மறுக்கிறார்கள். உலகப்போர்ச் சிப்பாயைப் பற்றி எழுதினாலும் பரணிக் காலத்து நடைதான்: குருதி, குதிரை, மார்பில் தழும்பு. வீரனுக்கு ஒரு பரம்பரை வேண்டும், பரம்பரைக்கு ஒரு சாதி வேண்டும். நான் எதிர்ப்பது இந்த எழுத்தை.

சுபேதார் சுப்பிரமணியன் சென்னை சாப்பர்ஸ் படைக்காரர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. கூட வந்தவர்களைக் காப்பாற்ற, வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தானே விழுந்து மூடி இறந்தார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் விருது. அன்று அவர் கையால் ஒரு எதிரியும் சாகவில்லை. இந்தச் சாவைப் பாட எந்தப் பரணியில் இடம் இருக்கிறது?

பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணி எடுப்பது: சாப்பர்ஸ் வேலை இதுதான். அந்தப் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1880களில் சென்னைப் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். 'போர்ச் சாதி' என்ற கொள்கை வளர்ந்து, சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்பட்டன. 1890களில் மகர்களுக்கும் கதவடைப்பு. 1818 ஜனவரி 1 அன்று கோரேகாவில் சண்டையிட்டு, தூணில் பெயர் பொறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கதி. 1927ல் அம்பேத்கர் அந்தத் தூணின் முன் போய் நின்றது சும்மா இல்லை.

இன்று நம்மிலும் சிலர் 'நாங்களும் போர்ப் பரம்பரைதான்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். நம்மை வெளியே தள்ளின கொள்கையையே வாடகைக்கு எடுக்கிறோம். எனக்கு இது உவப்பில்லை.

எங்கள் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ல் தமிழி எழுத்து நடுகற்கள் கிடைத்தன. கூடலூர் ஆகோள் பூசலில் இறந்த ஒருவனின் கல்லில் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஈராயிரம் வருசத்துக்கு முந்தின மாட்டுச் சண்டைக்காரனுக்குப் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிற 1914–1919 பெரும்போர்ப் பளிங்குப் பலகைகளைப் பாருங்கள்: இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் செத்தார்கள். தலைக்கணக்குதான், பெயர் கிடையாது.

1928ல் வந்த மதுரை–போடி ரயில் பாதையின் தண்டவாளத்தை அடுத்த போருக்குப் பிடுங்கிப் போனார்கள். அதைத் திரும்பப் போட 1950கள் ஆனது. தண்டவாளம் போனதற்குக் கணக்கு இருக்கிறது. ஆள் போனதற்கு?

போடியில் எங்க தெருவுல ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்தாரு. பர்மாப் பக்கம் ரோடு போட்டவரு. "துப்பாக்கியும் குடுத்தாக, மம்பட்டியும் குடுத்தாக. மம்பட்டிதான் தேஞ்சுச்சு"ன்னு சிரிப்பாரு. திரும்பி வந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துல களையெடுத்தாரு. அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் வச்சுக் கட்டிக்கிட்டு, அதே கை, அதே வேலை. காக்கிக் கால்சட்டையோட மேலத்தெருவுல நடந்ததுக்கு ஆள் விட்டு அடிச்சாங்கன்னு அவர் சொன்னதில்லை. அப்பத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜப்பான்காரனிடம் தப்பித்தவர் சொந்த ஊரில் அடிபட்டார். வீரவரலாறு எழுதுகிறவர்கள் சிப்பாயைக் கப்பலிலிருந்து இறக்கியதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். நமக்குக் கதை அங்கேதான் ஆரம்பம்.

இம்மானுவேல் சேகரனும் பட்டாளத்துக்காரர்தான். உடுப்பைக் கழற்றிவிட்டு முதுகுளத்தூர் சீமையில் தீண்டாமையை எதிர்த்து நின்றார். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். 2010ல் தபால்தலை வந்தது. எந்தப் படைப்பிரிவின் வீரப்பட்டியலிலும் சேராத களம் அது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. போடி, தேவாரம், கோம்பை, சின்னமனூர் சேரிகளில் பரண்மேல் தகரப்பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் பெயர், நம்பர், படை, ஊர் எல்லாவற்றையும் பார்த்து எழுதுங்கள். பக்கத்தில் கிழவி யாராவது இருந்தால், ஊர் திரும்பியபின் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கறையான் பாதி தின்னுருக்கும், மிச்சத்தையாவது எடுக்கணும்.