இளையோர் நாவலுக்கு எத்தனை மதிப்பெண்?

வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கும்போது மூன்று கேள்விகள்தாம் கேட்கிறோம். எழுத்து பெரிதாக இருக்கிறதா? படம் இருக்கிறதா? முடிவில் நீதி இருக்கிறதா? மூன்றும் இருந்தால் வாங்கிவிடுவோம். பிள்ளை நான்கு பக்கம் புரட்டிவிட்டு மூடிவைக்கும். "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தமிழ்ல ஆர்வமே இல்ல" என்று பழியைப் பிள்ளைமேல் போடுவோம். குறை நம் அளவுகோலில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

அண்மையில் என் பேத்தியுடன் இரண்டு நாவல்களைப் படித்தேன். பன்னிரண்டு வயது, தில்லியில் பிறந்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள்; எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆகவே நான் வாசிக்க, அவள் கேட்டாள். முடிந்ததும் ஆளுக்கொரு தாளில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதாக ஒப்பந்தம்.

முதலாவது, உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. இக்காலச் சிறுவன் ஒருவன், கீழடியில் கிடைக்கும் ஒரு பொம்மை வழியாகப் பழங்காலச் சிறுவன் ஆதனைச் சந்திக்கிறான். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்தில் கிடைத்திருக்கிறது என்றதும், "நிஜமாவே இருந்தாரா தாத்தா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் 9 போட்டேன், அவள் 7. "சில இடத்துல கதை நின்னுபோய்ப் பாடம் ஆரம்பிச்சுடுது" என்றாள். சரித்திர ஆசையில் நான் கவனிக்கத் தவறியது அது. அவள் சொன்னதே சரி.

இரண்டாவது, யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. 2020இல் அதே விருதைப் பெற்றது. தகாத தொடுதலை எதிர்கொள்ளும் துணிவைப் பேசும் மரப்பாச்சி ஒன்று குழந்தைக்குத் தருகிறது. "இதெல்லாம் குழந்தைக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் கூச்சம்தான், சில பக்கங்களில் குரல் தாழ்ந்தது. சிக்கலான இடத்தில் பேசும் பொம்மையின் துணை கிடைத்துவிடுவது கதைக்கு ஒரு குறை என்று 7 போட்டேன். அவள் தாளில் 10.

ஏன் என்று கேட்டேன்.

"ஸ்கூல்ல இங்கிலீஷ்ல சொல்லிக் குடுத்திருக்காங்க தாத்தா. ஆனா பாட்டிகிட்ட இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரியும்."

நான் வாயடைத்துப் போனேன். பள்ளியில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வீட்டில் தமிழ் என்று வளரும் பிள்ளைக்குச் சாப்பாடு, தூக்கம், பண்டிகை பற்றிப் பேசத் தமிழ் இருக்கிறது. பயந்ததை, அவமானப்பட்டதைச் சொல்லத் தமிழ் இல்லை. அதை நாம் கற்றுத் தரவே இல்லை. பாடநூலும் நீதிக்கதையும் தராத அந்தச் சொற்களை ஒரு நல்ல நாவல் தந்துவிடுகிறது.

பொம்மை பற்றி நான் சொன்ன குறை இன்னும் குறைதான். நிஜ வாழ்வில் மரப்பாச்சி பேசாது; அதன் இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே பெற்றோரே, அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது நான்காவதாக ஒரு கேள்வியும் கேளுங்கள்: இதைப் படித்த பிள்ளை, நேற்றுவரை நம்மிடம் சொல்ல முடியாத எதையாவது நாளை தமிழில் சொல்லுமா? மதிப்பெண்ணை மட்டும் பிள்ளையே போடட்டும்.