ஒன்று குறைத்துப் பெருக்கல்

4, 9, 14, 19 என்று ஏறிச்செல்லும் ஒரு கூட்டல் விருத்திக்கு விதி கேட்டால், உறுப்பின் இலக்கத்தை ஐந்தாற் பெருக்கி ஒன்றைக் கழிக்க வேண்டுமென்று இக்காலத்து மாணாக்கர் கண்ணிமைக்கும் முன்னே சொல்லிவிடுகிறார்கள். விடை சரியே. எனினும் அதே விதியை, இலக்கத்தில் ஒன்றைக் குறைத்து, எஞ்சியதை ஐந்தாற் பெருக்கி, நாலைக் கூட்டுக என்று ஒருவர் ஆறுதலாகச் சொல்லக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் ஆனந்தம், அந்தச் சுருங்கிய வடிவில் ஒருநாளும் உண்டானதில்லை.

இந்தச் சபலத்தை எனக்கு ஊட்டியவர் பண்டத்தரிப்பிலே எனக்குக் கணக்குப் படிப்பித்த சட்டம்பியார். விதி என்ற பேச்சை எடுக்குமுன் அவர் பள்ளிக்கூடத்து வேலியைச் சுட்டிக்காட்டி, "பத்துக் கதியாலுக்கு எத்தினை இடைவெளியடா?" என்பார், பத்தென்று கத்தியவனை அனுப்பி எண்ணிவரச் செய்வார், அவன் ஒன்பதென்று முகஞ்சுருங்கித் திரும்பியதும், "அப்ப, பத்தாம் உறுப்புக்குப் போக எத்தினை தரம் ஐஞ்சைக் கூட்ட வேணும்?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்குவார். மிச்சத்தை நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய போதனா முறை.

பாஸ்கராசாரியர் 1150ஆம் ஆண்டளவில் இயற்றிய லீலாவதியிலும் இதே தொடர்தான் வருகிறது. முதல்நாள் 4 திரம்மம் கொடுத்து, நாள்தோறும் ஐவ்வைந்தாக உயர்த்தி, அரைமாதம் தானம் செய்தவன் கொடுத்த மொத்தம் எவ்வளவு என்பது கேள்வி. பதினைந்தில் ஒன்றை நீக்கிப் பதினாலாக்கி, அதை ஐந்தாற் பெருக்கி எழுபதாக்கி, முதலாகிய நாலைச் சேர்த்தால் ஈற்றுநாட் கொடை 74. முதலையும் ஈற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுநாட் கொடை 39. அதை நாட்டொகையாற் பெருக்கினால் 585. எல்லோரும் அந்த 585ஐ வியப்பார்கள். நானோ பதினைந்து பதினாலாகும் அந்த முதற் படியிலேயே நின்றுவிடுகிறேன். விதியின் உயிர் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, அதற்கப்பால் நடப்பதெல்லாம் வெறும் வாய்பாடு.

ஐந்தாம் வாய்பாட்டை அருகில் எழுதி, ஒவ்வோர் உறுப்பும் அதற்கு ஒன்று குறைவென்று கண்டு விதி செய்வோரை நான் பழிக்கவில்லை. 99 எத்தனையாம் உறுப்பென்று கேட்டால், ஒன்றைக் கூட்டி ஐந்தால் வகுத்து இருபதாமுறுப்பென்று அவர்கள் எம்மை முந்திக்கொள்வார்கள். ஆனால் அவர்களுடைய விதியைப் பின்னோக்கி நடத்திப் பாருங்கள்: தானம் தொடங்குவதற்கு முதல்நாள் அந்தப் புண்ணியவான் ஒரு திரம்மம் பிறரிடம் வாங்கியவனாகிறான்! தருமவானைக் கடன்காரனாக்கும் சுருக்கம் எனக்கு ருசிப்பதில்லை. மேலும் 99 திரம்மம் கொடுத்த நாள்வரை அவன் எத்தனை தரம் கொடையை உயர்த்தினான் என்று அதே மாணாக்கரைக் கேட்டால், இருபது தரமென்றே பெரும்பாலும் சாதிக்கிறார்கள். பத்தொன்பதென்பது அவர்கள் விதியிற் புலப்படாமல் மறைந்துபோயிற்று.

பண்டத்தரிப்பிலிருந்து சங்கானை வழியாக நடந்தே எட்டிவிடக்கூடிய வட்டுக்கோட்டையில், 1823இல் தொடங்கிய செமினரியிலே கற்றுத் தேறிய கறோல் விசுவநாதபிள்ளை, 1855இலேயே வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கித் தந்துவிட்டார். ஆகையால், நம் பாஷையிலே விளங்கிக்கொள்ள வழியில்லாமையால் மனனம் செய்கிறோம் என்னும் சாக்கு இந்தப் பகுதியாருக்குச் சற்றும் பொருந்தாது. ஆயினும் இப்போதைய ரியூசன் கொட்டில்களில் சூத்திரம் முதலில் வருகிறது, தொடர் பிறகு வருகிறது, ஏன் என்ற கேள்வி வருவதேயில்லை. மூன்று உறுப்புக்களையேனும் கையால் ஏறிப்பார்க்க அங்கே அவகாசம் கிடையாது.

பரீட்சகர் சுருக்கிய விடையையே விரும்புவாராயின், மாணாக்கர் அதனையும் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் அதற்கு மேல்வரியில் ஒன்று குறைத்துப் பெருக்கிய வடிவத்தை முதலில் எழுதிவிட்டே கீழிறங்க வேண்டுமென்பது என் விண்ணப்பம். கீழ்வரிக்குப் புள்ளி கிடைக்கும். கணக்குத் தெரிந்தவன் படிப்பது மேல்வரியைத்தான்.