முகஸ்துதி பாடும் தராசு

ஏழு வாரமாக விடிந்ததும் எனக்கு முதல் வேலை இதன் மேல் ஏறி நிற்பதுதான். கண்ணாடித் தட்டு, ப்ளூடூத், செயலி, கொழுப்பில் தொடங்கி எலும்பு வரைக்கும் கணக்கு என அட்டைப்பெட்டி அடுக்கும் எல்லாம் இந்த ‘ஸ்மார்ட்’ எடைக் கருவியில் இருக்கிறது. இந்த விலைக்கு வருகிற எல்லாக் கருவியிலும் இருப்பவைதான் அவை. கம்பெனியின் பெயர் வேண்டாம். அவர்களுடைய இயர்போனை நாலு வருஷமாக மாட்டித் திரிகிறேன். அந்த உறவு கெட வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருக்கும் மாமாவிடம், முத்திரை குத்திய 20 கிலோ எடைக்கற்கள் மூன்றை இரவல் வாங்கித் திருப்பதிக்குக் கொண்டுவந்தேன். ஒரு கல் வைத்தால் 20.0. மூன்றும் வைத்தால் 60.0. கச்சிதம். சமையற்கட்டில் கடப்பாக்கல் பாவிய தரையில் வைத்தபோது மட்டும் 600 கிராம் குறைத்துக் காட்டியது. கல் மேடுபள்ளம், கருவியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றிருக்கிறது. டைல்ஸ் தரைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

மூன்றாவது வாரம்தான் சந்தேகம் தட்டியது. காலையில் எழுந்ததும் 68.4. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் 68.4. மறுநாளும் 68.4, அதற்கு மறுநாளும் அதே. உப்பு, தண்ணீர், மலச்சிக்கல் என்று எதற்கெல்லாமோ ஏறி இறங்குவது உடம்பு. மூன்று நாள் ஆடாமல் அசையாமல் நிற்க அது என்ன மைல்கல்லா?

திருமலையிலிருந்து வந்த லட்டு வீட்டில் இருந்தது. ஒன்று 175 கிராம் கணக்கு. கையில் ஒரு லட்டோடு ஏறினேன்: 68.4. இரண்டு லட்டு: 68.4. மூன்றாவது லட்டுக்குத்தான் திடுக்கிட்டு விழித்ததுபோல 68.9 என்றது. “பிரசாதத்த வெச்சாடா சோதன பண்ணுவ?” என்று அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். அதற்குள் குட்டு உடைந்துவிட்டது. போன தடவை காட்டிய எடையை இது ஞாபகம் வைத்திருக்கிறது. புது எடை அதற்குப் பக்கத்தில் இருந்தால், அளந்ததை விட்டுவிட்டுப் பழையதையே ஒப்பிக்கிறது. அடுத்தடுத்து ஏறும்போது நூறு கிராம் வித்தியாசம் வந்தால் ‘மிஷின் சரியில்லை’ என்று நாம் திருப்பி அனுப்பிவிடுவோமே, அந்தப் பயம். இந்த வித்தை பல டிஜிட்டல் தராசுகளில் உண்டு. வாரத்துக்கு கால் கிலோ குறைக்கப் பாடுபடுகிறவனுக்கு அந்தக் கால் கிலோவை மறைப்பதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. மாற்று வழியும் கண்டுபிடித்தேன்: 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, பிறகு வெறுங்கையோடு ஒரு தடவை. அப்போதுதான் உண்மை வருகிறது.

திருமலையில் துலாபாரத் தட்டில் ஒரு பக்கம் ஆள், மறு பக்கம் வெல்லமோ சர்க்கரையோ நாணயமோ. போன வருஷம் என்ன எடை இருந்தீர்கள் என்று அந்தத் தட்டுக்குத் தெரியாது; தெரியவும் வேண்டாம்.

செயலியும் இதே குணம். என் உயரம் 168 சென்டிமீட்டர். உடல் நிறை குறியீடு, அதாவது பிஎம்ஐ, 24.2 என்று போட்டு, பச்சை வட்டத்துக்குள் ‘இயல்பு’ என்று தட்டிக்கொடுக்கிறது. அது வைத்திருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கோடு: 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன். இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்று 2009-லேயே நம் மருத்துவர்கள் கூடி வகுத்துவிட்டார்கள். காரணம், நாம் ஒல்லியாகத் தெரிந்தே கொழுத்தவர்கள். 2004-ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடற்கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஆந்திரத்தில் பெண்களில் 36 சதவீதம் பேரும் ஆண்களில் 31 சதவீதம் பேரும் எடை மிஞ்சியவர்கள். 25 என்ற தாராளமான கோட்டை வைத்தே இந்தக் கணக்கு!

கொழுப்பு சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்கருவி கொழுப்பைப் பார்ப்பதில்லை. ஒரு பாதத்தில் சின்ன மின்சாரத்தை ஏற்றி, மறு பாதத்தில் எவ்வளவு தடையோடு வருகிறது என்று பார்த்து, மீதியைச் சூத்திரம் போட்டு ஊகிக்கிறது. (பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.) திருமலைக்கு ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,388 படி ஏறித் திரும்பிய அன்று எடை 900 கிராம் குறைந்திருந்தது, கொழுப்போ கூடியிருந்தது! வியர்வையில் போன தண்ணீர்தான் மின்சாரத்துக்குப் பாதை. அது வற்றியதும் கொழுப்பு கூடிவிட்டதாகக் கருவி நினைத்துக்கொண்டது. ஏழு வாரத்தில் அது என்னைக் கண்டித்தது அந்த ஒரு நாள்தான்.

கடைசியில் தையற்காரர் டேப் ஒன்று வாங்கினேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் சுற்றினால் 94 சென்டிமீட்டர். ஆண்களுக்கு எல்லை 90, பெண்களுக்கு 80. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு அடங்க வேண்டும் என்ற கணக்கில் பார்த்தாலும் பத்து சென்டிமீட்டர் மிச்சம். சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் முன்னறிவிப்பு இந்த வயிற்றுச் சுற்றளவுதான். அதைச் சொல்ல அந்தப் பச்சை வட்டத்தால் ஆகவில்லை.

வாங்கலாமா? கிலோவுக்கு மட்டும் என்றால், தண்ணீர் கேன் சகிதமாக, வாங்கலாம். வாரம் ஒரு நாள் ஏறினால் போதும்.

எடைக்கற்களைத் திருப்பிக் கொடுக்கச் சித்தூர் போனபோது மாமாவிடம் கதையைச் சொன்னேன். மண்டித் தராசின் மேடையைத் துண்டால் தட்டிவிட்டார். “ஏறு மாப்ள. மூட்டைய ஏத்தினா மூட்டை எடை, உன்ன ஏத்தினா உன் எடை. மனசு நோகுமேன்னு பாக்கற தராச வெச்சா நான் யாவாரம் பண்ண முடியுமா?”